5 கட்டைக் குரல்: ஈக்யூ போட்டதும் மந்தரம் தேய்ந்துவிடுகிறது

மாடிவீட்டுப்பையன்:
அம்மாவுக்கு 68 வயசு. வீட்டிலேயே பாட்டு சொல்லித் தருகிறவர், சுருதி 5 கட்டை. தெரிந்த கீர்த்தனைகளை எல்லாம் பதிந்து வைத்துவிடலாம் என்று ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) கண்டென்சர் மைக், வாயிலிருந்து நாலு விரல் தள்ளி. முதலில் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருந்தது. ஒரு வீடியோவில் சொன்னபடி ஈக்யூவில் (தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி, 10 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினேன். பளிச்சென்றுதான் ஆனது. அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாருடா பாடறது?" என்றார்.

சுருதிப்பெட்டி:
சும்மாவா கேட்டாங்க! 5 கட்டைன்னா ஜி. அம்மாவோட மத்திய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 147. நீங்க 250-ல கத்தி வெச்சா ஸட்ஜத்தோட அடிநாதமே போச்சு, அந்தர காந்தாரம் வரைக்கும் அடி வாங்கும். மேல இருக்கிற அனுசுரங்களை (ஹார்மோனிக்ஸ்) வெச்சு எந்த சுரம்னு காது கண்டுபிடிச்சுடும், ஆனா குரல்ல சதை இருக்காது. ரீப்பரோட ரீ-ஈக்யூல முதல் பேண்டை ஹை-பாஸா (கீழ்த்தொனியை மட்டும் வெட்டறது) மாத்தி 80, 90 ஹெர்ட்ஸ்ல நிறுத்துங்க. ஃபேன் உறுமலுக்கு அது போதும்.

பழைய_மிக்ஸர்:
ஈக்யூ அப்புறம். முதல்ல மைக்கை நகர்த்துங்க. கார்டியாய்ட் மைக் வாய்க்குக் கிட்டப் போகப் போக அடித்தொனி வீங்கும், உங்க பானை பாதி அதுதான். ஒரு முழமாவது தள்ளி வைங்க. தள்ளினா அறை உள்ளே வரும், அதனால அம்மாவுக்குப் பின்னாடி கொடியில் ரெண்டு கனமான போர்வை. சதுர அறை வேற. நீளமும் அகலமும் ஒண்ணுங்கறதால 56, 113 ஹெர்ட்ஸ்ல ரெண்டு பக்கமும் சேர்ந்து முழங்கும்.

மிச்சத்துக்கு: ஒரு பேண்டை ஒடுக்கி (ரீ-ஈக்யூல பேண்ட்விட்த் 0.3 ஆக்டேவ் மாதிரி), 8 டெசிபல் ஏத்தி, 200-லேர்ந்து 500 வரை மெல்ல உருட்டுங்க. எங்கே காதுல குத்துதோ அங்கே 3 டெசிபல் இறக்குங்க. ஒவ்வொரு சுரத்துக்கும் அது இடம் மாறினா அது குரல், கை வைக்காதீங்க.

மாடிவீட்டுப்பையன்:
ஒரு முழம், கல்யாணத்துக்கு வந்த போர்வை ரெண்டு, ஹை-பாஸ் 90. குத்தின இடம் 310, அங்கே 3 குறைத்தேன். 10 கிலோஹெர்ட்ஸ் ஏற்றலை எடுத்ததும் 'ஸ' சீறுவதும் நின்றது. ஃபேன் இல்லாமல் வியர்த்து ஊற்ற, அம்மா இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

"இப்ப நான்தான். அந்த காந்தாரம் இறங்கியிருக்கு. அழி, திரும்பப் பாடறேன்."