உபுண்டு 24.04 அப்கிரேடு பாதியில் நின்றது: ஃபார்மட்டா, சரிசெய்வதா?

மடிவாளா மணி:
என் லினக்ஸ் மெஷினை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். லிப்சி6 (ஏறக்குறைய எல்லா புரோகிராமுக்கும் வேண்டிய அடிப்படை லைப்ரரி பேக்கேஜ்) என்று திரையில் ஓடும்போது மழை, கரண்ட் போச்சு. யூபிஎஸ் இல்லை. இப்போது பூட் செய்தால் 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று கெர்னல் பேனிக், அதாவது முதலில் ஓட வேண்டிய இனிட் புரோகிராமே செத்து சிஸ்டம் நின்றுவிடுகிறது. ரெக்கவரி மோடிலும் அதே கதை.

ஒயிட்ஃபீல்டு வாசி:
ஃபார்மட், வேறு வழியில்லை. லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் உபுண்டு) ஏறி ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு 24.04-ஐப் புதிதாகப் போடுங்கள்.

அல்சூர் செல்வி:
எதற்கெடுத்தாலும் ஃபார்மட்டா சார்? மணி, பேனிக் வரியில் எக்ஸிட்கோடு (புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) இருக்கும், பாருங்கள்.

மடிவாளா மணி:
ஹெக்ஸில் (16 அடிமான எண்) இருக்கிறது. சாதாரண எண்ணாக மாற்றி 256-ஆல் வகுத்தால் 127.

அல்சூர் செல்வி:
அப்படியானால் இனிட்டை மெமரியில் ஏற்றவந்த லோடர், அதற்கு வேண்டிய லைப்ரரியில் முட்டி நின்றிருக்கிறது. டிஸ்க் மேல் சந்தேகம் வேண்டாம். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி, புதுக் கோப்புகளைத் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றும். நடுவில் கரண்ட் போனால் லோடர் 2.39 (24.04-இல் வருவது), லிப்சி 2.35 (22.04-இல் வருவது) என்று நிற்க வாய்ப்புண்டு. அந்த ஜோடி ஒத்துப்போகாவிட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கூட ஓடாது. யூஎஸ்பியிலிருந்து டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைய உதவும் சிஎச்ரூட்டும், உள்ளே பாஷை (கட்டளை ஷெல்) ஓட்ட முடியாமல் விழுந்துவிடும்.

24.04 லைவ் யூஎஸ்பியிலேயே 2.39 இருக்கிறது. லிப்சி6-இன் லைப்ரரிகளையும் லோடரையும் சேர்த்து, மவுன்ட் செய்த டிஸ்க்கில் அதே இடங்களில் வையுங்கள். டெப் கோப்பை (பேக்கேஜ் கோப்பு) நேரே டிஸ்க்கின் ரூட் ஃபோல்டரில் விரிக்காதீர்கள். டிபிகேஜி-டெப் மேனுவலே வேண்டாம் என்கிறது.

ஒயிட்ஃபீல்டு வாசி:
மீதிப் பேக்கேஜ்கள் எல்லாம் 22.04-இல் கிடக்கின்றனவே? 2.39-ஐப் போட்டால் அவை ஓடுமா?

அல்சூர் செல்வி:
ஓடும். பழைய லிப்சிக்குக் கட்டிய புரோகிராம் புதியதில் ஓடும், தலைகீழாகத்தான் ஓடாது. 2.35-க்குத் திரும்பினால்தான், ஏற்கெனவே புதிதாக மாறியவை 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்று கத்தும்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
சரி, பூட் ஆகும். பாதி ஜாம்மி (22.04), பாதி நோபிள் (24.04) என்று ஓடும் மெஷினில் ஆபீஸ் வேலை பார்ப்பீர்களா? நான் மாட்டேன்.

அல்சூர் செல்வி:
நானும்தான். அதனால்தான் பாதியில் விடச் சொல்லவில்லை. சிஎச்ரூட் வழியாக உள்ளே போனதும் டிபிகேஜி கன்ஃபிகர் (பாதியில் நின்றவற்றை முடிக்க), ஏபிடி ஃபிக்ஸ்-புரோக்கன் (உடைந்த சார்புகளைச் சரிசெய்ய), ஃபுல்-அப்கிரேடு (மீதியை ஏற்ற), இந்த வரிசையில். பிறகு டிபிகேஜி ஆடிட் காலியாக வர வேண்டும்.

மடிவாளா மணி:
சிஎச்ரூட் உள்ளே பாஷ் வந்துவிட்டது! கன்ஃபிகர் ஓடுகிறது.

ஒயிட்ஃபீல்டு வாசி:
நல்லது மணி. ஆனால் ஆடிட் பேக்கேஜ் நிலையைத்தான் பார்க்கும், கோப்பு கெட்டிருந்தால் சொல்லாது. கோப்புகளின் செக்சம்மைச் சரிபார்க்கும் டெப்சம்ஸும் ஓட்டுங்கள். அதில் லிப்சி தவிர வேறு பெயர் வந்தால் இன்றே ஃபார்மட். செல்வி மேடம் என்ன சொன்னாலும் சரி.

அல்சூர் செல்வி:
வந்தால் அந்தப் பேக்கேஜை மட்டும் ரீஇன்ஸ்டால் செய்யுங்கள் மணி. பட்டியலை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.