சைக்கிளில் வால்பாறை, சோலையார் பக்கம் போனவர்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

பின்சக்கரம்:

போன நவம்பர். விடிகாலையில் பொள்ளாச்சியில் கிளம்பி ஆழியார் செக்போஸ்ட், நாற்பது கொண்டை ஊசி வளைவு, அட்டகட்டி, ராத்திரி வால்பாறை. அந்த ஏற்றம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். சொல்ல வந்தது மறுநாள் காலை ஏழு மணிக்கு, சோலையார் அணைக்குப் போகும் இறக்கத்தில் நடந்தது.

நல்ல மூடுபனி. இரண்டு பக்கமும் தேயிலை. மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தேன். பின்சக்கர ஹப்பின் (நடு அச்சின்) டிக் டிக் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் சாலையோரம் ஒரு கறுப்புப் பாறை தெரிந்தது. அந்தப் பாறைக்கு முட்டி வரை வெள்ளையாக நாலு கால் இருந்தது.

பிரேக்கைப் பிடித்தேன். ஈரத்தில் டிஸ்க் பிரேக் கீச்சென்று கத்தியது. காட்டெருமை ஓடவும் இல்லை, முட்ட வரவும் இல்லை. உடம்பு மொத்தத்தையும் எனக்குக் குறுக்கே காட்டிக்கொண்டு நின்றது. முதுகுத் திமிலிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை புஸ்ஸென்று மூச்சு விட்டது. முகத்தில் பட்ட ஈரம் அதனுடையதா, பனியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் இடது பக்கத் தேயிலைக்குள் சலசலப்பு. செம்மண் நிறத்தில் ஒரு கன்று என் முன் சக்கரத்தை ஒட்டிச் சாலையைக் கடந்து அதனிடம் போனது. சக்கரம் இன்னும் நாலு சுற்று சுற்றியிருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நின்றிருப்பேன்.

விளக்கு மாட்ட ஹேண்டில்பாரில் இடம் போதவில்லை என்று மணியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஐந்தாறு மாதமாக அந்த மணிதான் நினைவுக்கு வருகிறது. காட்டுப் பாதையில் நீங்கள் சத்தம் கொடுத்துக்கொண்டு போவீர்களா, அமைதியாகப் போவீர்களா?

மூணாம்கியர்:

எனக்கு நடந்ததில் நான் எதையுமே கண்ணால் பார்க்கவில்லை. அதனால்தான் மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

வழியில் இரண்டு பஞ்சர். வால்பாறைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போதே இருட்டிவிட்டது. சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. ஏதோ ரோடு வேலை என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பக்கத்தில் யானை நின்றால் ஊர்க்காரர்களே செல்பேசியிலிருந்து எரிய விடும் விளக்கு அது என்று மறுநாள்தான் தெரியும். நூறு மீட்டர் போனதும் வாசனை வந்தது. மாட்டுத் தொழுவ வாசனை மாதிரி, ஆனால் கொஞ்சம் இனிப்பாக. நின்றேன். வலது பக்கச் சரிவில் ஒரு கிளை ஒடிந்தது. அப்புறம் ஒரு உறுமல், தொண்டையிலிருந்து வருவது போல் இல்லை, தரையிலிருந்து வருவது போல இருந்தது. கையில் பிடித்திருந்த ஹேண்டில்பார் வரைக்கும் அது தெரிந்தது.

விளக்கை அணைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பி, தள்ளிக்கொண்டே வந்த வழியில் நடந்தேன். எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சிகப்பு லைட்டப் பாக்கலையா தம்பி?"

அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த விளக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

வரையாட்டுக்கண்:

முதலில் ஒரு திருத்தம். பின்சக்கரம் பார்த்தது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. நம் ஊரில் எல்லோரும் எருமை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் எருமை வேறு இனம். முட்டி வரை வெள்ளைக் கால், முதுகில் திமில், இரண்டும் காட்டுமாட்டுக்குத்தான்.

என் அனுபவம் ஒன்பதாவது வளைவில். கீழே ஆழியார் நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியுமே, அந்த இடம். மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தேன். சுவருக்கு மறுபக்கம் ஒரு கிடா வரையாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, கை நீட்டினால் தொடலாம். முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த மயிர். அது என்னைப் பார்த்தது, பார்த்தபடியே அசைபோட்டது. அவ்வளவுதான்.

இப்போது மணிக்கு வருகிறேன். வேண்டாம் என்பேன். காட்டுக்குள் ஹாரன் அடிக்காதே என்று வண்டிக்காரர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நாமே மணி அடித்துக்கொண்டு போவதா? பனியில் மெதுவாகப் போங்கள், அதுதான் வழி. மெதுவாகப் போக வேண்டுமென்றால் பிரேக் ஒழுங்காக இருக்க வேண்டும். பதினைந்து கிலோ சுமையோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், முன் பிரேக்குக்குப் பயந்து பின்னதை மட்டும் நம்புகிறவர்கள்தான் மண் கிடக்கும் வளைவில் வழுக்குகிறார்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் கட்டைகளில், ரெசின் பேட் மழைச் சேற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள். மெட்டல் பேட் தாங்கும், ஆனால் ஈரத்தில் கத்தும். பின்சக்கரம் போட்டிருந்தது அதுவாகத்தான் இருக்கும். சின்னக்கல்லார் பக்கம் மழைக்காலத்தில் போகவே வேண்டாம், தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று அது. காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். மளுக்கப்பாறை வழியாகக் கேரளா இறங்குகிறவர்கள் செக்போஸ்ட்டில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை அடைப்பு. 2022 நவம்பரில் அந்த வழியில்தான் கபாலி என்ற ஒற்றை யானைக்காக ஒரு தனியார் பேருந்து 8 கிலோமீட்டர் பின்னோக்கியே வந்தது. பேருந்துக்கே அந்த நிலைமை.

குந்தா43:

வரையாட்டுக்கண் அண்ணா, பிரேக் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. மணி விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியாது. ஹாரனையும் மணியையும் ஒன்றாக வைக்காதீர்கள். வண்டிக்கு எஞ்சின் சத்தம் இருக்கிறது, அது வருவது அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மிருகத்துக்குத் தெரியும். நமக்கு அது இல்லை. இறக்கத்தில் நாம் வருவது, பக்கத்தில் வந்து நிற்கும்வரை எதற்கும் தெரியாது.

என்னுடையது நீலகிரிப் பக்கம். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக முள்ளிக்கு இறங்கும் 43 வளைவுப் பாதை. மஞ்சூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், விடிந்தும் விடியாத நேரம், தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து கரடி ஒன்று சாலையில் இறங்கியது. கரடிக்குக் கண் பார்வை மந்தம், மூக்கை வைத்துத்தான் பிழைக்கிறது. பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் பாயும். அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ மோந்து பார்த்தது. நகம் தாரில் கிரக் கிரக் என்று உரசியது. எனக்கு வாயிலிருந்து வந்தது வளைவு எண்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று சாதாரணக் குரலில் எண்ண ஆரம்பித்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஆறு சொல்லும்போது காதை ஆட்டியது. ஒன்பது சொல்லும்போது வந்த வழியே செடிக்குள் போய்விட்டது.

இப்போதெல்லாம் அந்தப் பாதையில் முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை சத்தமாக எண்ணிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

வரையாட்டுக்கண்:

கரடிக்குச் சரி. கன்றோடு நிற்கும் யானைக்கு மணி அடித்துப் பார்க்கச் சொல்வீர்களா? மிருகத்துக்கு மிருகம் வேறுபடும். நான் சொன்னது காட்டுமாட்டுக்கும் யானைக்கும்.

தேயிலைத்தூறல்:

நான் எழுதுவது மிருகத்தைப் பற்றி இல்லை. இந்த மணிப் பேச்சைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

சோலையார் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் ஏற்றம். ஏப்ரல் மாதம், தண்ணீர் இறங்கி, கரை முழுக்கச் செம்மண் படிப்படியாகத் தெரிந்தது. (நாம் ஏரி என்கிறோம், எல்லாமே அணைகள்தான். சோலையார் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளம் போகிறது என்பதை அங்கே நின்று பார்க்கும்போது நம்பவே முடியவில்லை.) தனியாகத்தான் போயிருந்தேன். ஏற்றம் தாங்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். இடுப்பில் தார்ப்பாய்த் துண்டு கட்டிய ஒரு பாட்டி சாலையில் நின்றார்.

"ஏம்மா, தனியாவா வந்த? மேல ஆனை நிக்குதுன்னு காலையிலயே சொன்னாங்களே."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் என்னோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். கையில் காலியான தூக்குப்போசி. சாவியால் அதன் மூடியைத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டாத நேரம் பேசினார், பக்கத்தில் நடக்கும் எனக்குத் தேவையில்லாத அளவு சத்தமாக. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனது, பேரனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது, இந்த வருஷக் கொழுந்து. "பேசிக்கிட்டே போகணும்மா. நாம வர்றது அதுக்குத் தெரிஞ்சா அதுவே ஒதுங்கிக்கும். தெரியாமப் போய் நிக்கிறதுதான் தப்பு."

ஒரு கிலோமீட்டர் வந்திருப்பார். கடைகள் இருக்கும் இடத்தில் என்னை விட்டுவிட்டு, "போயிட்டு வா கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். டீ குடித்து முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதே சாலையில், அதே யானை இருக்கும் பக்கம், அவர் இப்போது தனியாக நடக்கிறார். பேசத் துணை இல்லை. எழுந்து சாலைக்கு ஓடி வந்து பார்த்தேன். வளைவில் ஆள் இல்லை. தூக்குப்போசி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

பெயர்கூடக் கேட்கவில்லை.

பின்சக்கரம்:

டிசம்பரில் மறுபடி போகிறேன். எந்த இடம் என்று சொல்லுங்கள், விசாரித்துப் பார்க்கிறேன்.

தேயிலைத்தூறல்:

அணையிலிருந்து வால்பாறை வரும் வழியில், ஏற்றம் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே. வேல் நட்ட சின்ன முனீஸ்வரன் கோயில், எதிரே நீல வர்ணம் அடித்த எஸ்டேட் லைன் வீடுகள், வாசலில் ஒரு பலா மரம். பாட்டிக்கு இடது கண்ணில் லேசாகப் பூ விழுந்திருக்கும். மூடியில் பள்ளம் விழுந்த பித்தளைத் தூக்குப்போசி. அதைத் தட்டுகிற சத்தம் கேட்டால் அவர்தான்.