காலேஜ் பாடங்களை ஒரே கேட்டலாக்ல சேர்க்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, நான் காலேஜ் லைப்ரரியன். பக்கத்து ஊர் காலேஜ்களும் நாங்களும் சேர்ந்து, ஸ்டாஃப் செஞ்சு வச்சிருக்கிற பிபிடி, லேப் வீடியோ, நோட்ஸ் எல்லாத்தையும் ஒரே இடத்துல தேடுற மாதிரி கொண்டு வரலாம்னு இருக்கோம். டிஸ்பேஸ்ங்கிற டிஜிட்டல் லைப்ரரி சாஃப்ட்வேர் போடலாம்னு யோசனை, 2002ல எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து வெளியிட்டது, காசு கிடையாது, ஒரு சர்வர்ல இருக்கிற விவரத்தை இன்னொரு சர்வர் எடுத்துக்கிற ஓஏஐ-பிஎம்ஹெச் வசதி இருக்கறதால ஃபைலை அவங்கவங்க சர்வர்லயே வச்சுக்கிட்டு விவரத்தை மட்டும் பொதுவா திரட்டிக்கலாம், அதுதான் எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு.

சிக்கல் என்னன்னா, தலைப்பு, ஆசிரியர் மாதிரி விவரங்களை எழுதுற பொது முறையான டப்ளின் கோரோட அடிப்படை 15 ஃபீல்டுல செமஸ்டர், யூனிட், சிலபஸ் வருஷத்துக்குன்னு தனி இடமே இல்ல, ஆனா பிள்ளைங்க அப்படித்தான் தேடுறாங்க. வர்ற ஃபைல் பேரெல்லாம் "யூனிட்2 ஃபைனல் புதுசு"ன்னு இருக்கு, எந்தப் பேப்பருன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். தனி ஃபீல்டு சேர்த்தா திரட்டும்போது அது கூட வருமா, விட்டுப்போகுமா?

இன்னொண்ணு, பல பிபிடில டெக்ஸ்ட்புக் படத்தை அப்படியே ஸ்கேன் பண்ணி ஒட்டியிருக்காங்க. அதுக்கு, மத்தவங்களும் பயன்படுத்தலாம்னு அனுமதி தர்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் நாமளா போட முடியாதுல்ல, அந்த ஸ்லைடை மட்டும் எடுத்துட்டு ஏத்தலாமா?

இந்த மாதிரி செஞ்ச லைப்ரரியன்கள் யாராச்சும் இருந்தா உங்க மெட்டாடேட்டா (ஃபைல் விவரம்) ஷீட் ஒண்ணு காட்டுங்க, பெரிய உதவியா இருக்கும். ஜூன்ல புது பசங்க வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடணும்.