கொள்ளிடம் தாண்டித் திட்டுக்கு

சென்னை அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை என் மஹிந்திரா தார் ஜீப்பில், திருமானூர்ப் பாலத்திற்குக் கிழக்கே உள்ள பழைய மாட்டுவண்டித் தடத்தில் இறங்கி, கொள்ளிடத்தின் இரண்டு ஓடைகளையும் கடந்து, ஆற்று நடுவே திட்டில் உள்ள நம் கொல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கிறேன். வண்டி 650 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்குச் சற்று மேலான ஆழம் வரை நீரில் செல்லக்கூடியது.

பெரியப்பா: தரை கெட்டியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும், தம்பி. கோடையில் கொள்ளிடத்தின் நீருக்கு நான் அஞ்சுவதில்லை; அதன் அடிக்குத்தான் அஞ்சுகிறேன். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். முழங்காலளவு என்று நம்பி நடப்பவனுக்கு அடுத்த அடி கழுத்தளவாகிவிடும். வண்டிமாடு தயங்கினால் ஓட்டுபவர் இறங்கி நடந்து பார்ப்பார். உன் வண்டிக்குத் தயங்கத் தெரியாது.

சின்ன அத்தை: குழந்தைகள் கரையிலேயே இருக்கட்டும்.

மாமா: பெரியவர் சொல்வது சரி. இருவர் மூங்கில் கழியோடு முன்னே நடந்து, கெட்டியான வழியின் இருபுறமும் கழி நட்டு வர வேண்டும். மணலில் இறங்குமுன் டயர் காற்றழுத்தத்தை 18 psi அளவுக்குக் குறைத்துவிடு. டயர் அகன்று பதிந்தால் புதையாது. நான்கு சக்கர லோ கியரைப் போட்டு, ஓடைக்குள் கியர் மாற்றாமலும் நிற்காமலும் ஒரே சீராக ஓட்டு. வேகமாகப் பாய்ந்தால் தெறிக்கும் நீர் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் போய்விடும். நடுவில் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அழுந்தாது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் செலவு உன்னுடையது. கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்து உலர்த்து.

நான்: மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல்தானே திறக்கும்? இப்போது நீர் ஏறாதல்லவா?

பெரியப்பா: அது பாசனத்திற்கான நாள். கொள்ளிடத்தில் வெள்ளம் வருவது, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரி நீரைத் திருப்பிவிடும்போது. அதற்கு நாள் கிழமை கிடையாது. சனிக்கிழமை மாலையே மதகில் விசாரித்துவிடுகிறேன்.

சென்னை அண்ணன்: அப்படியே செய்வோம், பெரியப்பா. இழுக்கும் கயிறும் காற்றடிக்கும் பம்பும் என்னிடம் உள்ளன. இழுக்கத்தான் இன்னொரு வண்டி வேண்டும்.

மாமா: என் டிராக்டர் கரையில் நிற்கும். ஆனால் காட்டாமணக்குப் புதர் மண்டிய அந்த இறக்கத்தை யாராவது முன்னதாக வெட்டி வைக்க வேண்டும்.

நான்: வெட்டுவதும் கழி நடுவதும் என் வேலை. சனிக்கிழமை படம் அனுப்புகிறேன்.

பெரியப்பா: கழிக்குப் பக்கத்தில் நீயும் நின்று படம் எடு. தண்ணீர் உனக்கு எதுவரை வருகிறது என்று பார்த்த பிறகே வண்டி இறங்கும்.