வீட்டு மொழியோடு வேலைக்கு வந்தவர்கள்

கிளியர் லேக், டெக்ஸாஸிலிருந்து

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கு ஒப்பந்த வேலை செய்கிற ஒரு கம்பெனியில் 14 வருஷமாக மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினருக்கான மாதம். செப்டம்பர் 15ஆம் தேதி கோஸ்டாரிகா, எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா ஐந்துக்கும் சுதந்திர தினம், மறுநாள் மெக்சிகோவுக்கு. அதனால்தான் மாதம் நடுவில் தொடங்குகிறது. ஆபீஸில் போஸ்டர் ஒட்டுவார்கள், மதியம் ஒரு பேச்சு இருக்கும். முதல் சில வருஷம் நான் எதையும் கவனிக்காமல் காபி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். என்னை நிற்க வைத்தவர் என் எதிர் மேஜைக்காரர்.

அவர் லாரேடோக்காரர். ரியோ கிராண்டே ஆற்றுக்கு இந்தக் கரையில் லாரேடோ, அந்தக் கரையில் மெக்சிகோவின் நுவேவோ லாரேடோ. தினமும் பகல் 12 மணிக்கு அவர் அம்மா போன் செய்வார். போன் அடித்ததும் இவர் எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விடுவார். கதவு சாத்துவதற்குள் ஓரிரு ஸ்பானிஷ் வார்த்தை காதில் விழும். "இங்கேயே பேசுங்களேன், எனக்கென்ன தொந்தரவு" என்று ஒருநாள் சொன்னேன். "பழக்கம்" என்றார். அவருடைய அப்பா படித்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினால் பிரம்படி. அப்பாவுக்கு விழுந்த அடி மகனை மாடிப்படிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

2021இல், மனிதர்களை மறுபடி நிலவுக்கு அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் பயணத்துக்கு ஓரியன் விண்கலம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மனிதர்கள் கிடையாது. கமாண்டர் இருக்கையில் அதிர்வையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளோடு ஓர் ஆளுயரப் பொம்மை. பெயர் வைக்க மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 'கமாண்டர் மூனிகின் காம்போஸ்' என்ற பெயர் ஜெயித்தது. செய்தி வந்ததும் எதிர் மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "எங்க ஊர்க்காரர்!"

ஆர்துரோ காம்போஸ் லாரேடோவில் பிறந்த மின்பொறியாளர், அப்போலோ கலங்களின் மின்சக்தி அமைப்புக்குப் பொறுப்பாளர். 1970 ஏப்ரல் 13 இரவு அப்போலோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது எல்லோருக்கும் தெரியும். மூன்று பேரும் நிலவில் இறங்கும் கலத்துக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். ஆனால் பூமிக்குள் நுழையத் தாய்க்கலத்தில்தான் வர முடியும், அதன் பேட்டரியிலோ ஏற்கெனவே கொஞ்சம் செலவாகிவிட்டிருந்தது. இரண்டு கலத்துக்கும் நடுவே ஓடிய கம்பி, தாய்க்கலத்திலிருந்து இறங்கு கலத்துக்கு மின்சாரம் கொடுக்கப் போட்டது. அதே கம்பி வழியாக எதிர்த்திசையில், இறங்கு கலத்தின் பேட்டரியிலிருந்து தாய்க்கலத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் வழிமுறையில் காம்போஸின் உழைப்பு இருந்தது. மெக்சிகோ வம்சாவளி ஊழியர்களுக்குச் சம வாய்ப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் பிரதிநிதியாகவும் அதே மையத்தில் இருந்தவர் அவர். இது எதுவும் தெரியாமல் நான் தினமும் அந்த வளாகத்துக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் 12 மணிக்குப் போன் வந்தது. அவர் எழுந்து போகவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்து, சத்தமாக, சிரித்துச் சிரித்துப் பேசினார். 'காம்போஸ்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

உங்களுக்கும் இப்படி யாராவது பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

பியர்லாண்டிலிருந்து

அண்ணா, அந்த மாடிப்படியைப் படித்ததும் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. நாங்கள் இருப்பது இங்குள்ள மீனாட்சி கோயிலுக்குப் பத்து நிமிஷ தூரத்தில். அவர் விண்வெளி மையத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா பாட்டி மெக்சிகோ. அவருக்கு ஸ்பானிஷ் வராது. அப்பா அம்மா தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம், பிள்ளைகள் வந்தால் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்களாம். "எங்களைக் காப்பாத்தறதா நினைச்சாங்க" என்றார்.

விண்வெளி வீராங்கனை எலன் ஒச்சோவா வீட்டிலும் இதே கதைதான். அவருடைய அப்பாவின் பெற்றோர் மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள். வீட்டு மொழி பேசுகிறவர்களை மட்டமாகப் பார்த்த காலம் என்பதால் அப்பா பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றி ஒச்சோவாவே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்தான் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கி, ஒளியியலில் மூன்று காப்புரிமை பெற்று, 1993இல் டிஸ்கவரி ஓடத்தில் விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண். புல்லாங்குழலையும் கொண்டுபோய் அங்கே வாசித்தார். 2013இல் ஜான்சன் மையத்துக்கே இயக்குநரானார். பக்கத்து வீட்டு அம்மா அந்த வருஷம் வேலையில் இருந்தவர். அறிவிப்பு வந்தபோது கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாராம்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மாலைநேர ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தார். என் மகள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, இருவரும் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அவர் வினைச்சொல்லில் திணறுவார், இவள் 'ற'கரத்தில். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி. பெரும்பாலும் என் மகள்தான் ஜெயிப்பாள்.

ஸ்டாக்டன், கலிஃபோர்னியாவிலிருந்து

நான் இங்கே மேமோகிராம் எடுக்கிற டெக்னீஷியன். மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே. என்னிடம் வருகிற பெண்களில் நிறையப் பேர் பண்ணை வேலைக்காரர்கள், கையைப் பார்த்தாலே தெரியும். ஒருநாள் அறுபது தாண்டிய அம்மா ஒருவர் மெஷினைப் பார்த்ததும் பின்வாங்கினார். கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன்: "பயப்படாதீங்க, இந்த மாதிரி டிஜிட்டல் மெஷினை முதல்முதலா உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் உங்க ஊர்ப் பையன்தான். பீட் வயல்ல களை கொத்தினவர்."

"ஹொசேயா?" என்றார். பயம் போய்விட்டது. நானும் அந்த வயல்களில் கொத்தியிருக்கிறேன் என்றார்.

ஹொசே ஹெர்னாண்டஸ். 1962இல் ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில் பிரெஞ்ச் கேம்ப்பில் பிறந்தவர். குடும்பம் மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலம். வருஷத்தில் சில மாதம் அங்கே, மிச்ச மாதம் அறுவடையைத் துரத்திக்கொண்டு கலிஃபோர்னியாவின் தெற்கிலிருந்து வடக்கு வரை. பிள்ளைகள் ஒரே வருஷத்தில் பல பள்ளி மாறுவார்கள். 12 வயது வரை அவருக்கு இங்கிலீஷ் சரியாக வராது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீடு தேடி வந்து, ஓரிடத்தில் தங்குங்கள், பிள்ளைகள் படிக்கட்டும் என்று பெற்றோரிடம் மன்றாடினார். அந்த அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் கேட்டார். ஊர் ஊராகப் போவதை விட்டார்கள். கூலிக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்று இங்கே இருக்கிற எனக்குத் தெரியும். வேலை இருக்கிற ஊருக்குப் போகாமல் இருந்தால் அந்த மாதம் அடுப்பு எரியாது.

1972இல் பத்து வயசில், கறுப்பு வெள்ளை டிவியின் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்போலோ 17ஐப் பார்த்தார். விண்வெளிக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. என்ன வேண்டும் என்று முடிவு செய், எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார், வழியை வரைந்துகொள், படி, வயலில் உழைக்கிற மாதிரி உழை. இவ்வளவுதான் சொன்னார். பள்ளியின் கடைசி வருஷம், 1980இல், ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயலில் களை கொத்திக்கொண்டிருந்தபோது டிரான்சிஸ்டரில் செய்தி: ஃபிராங்க்ளின் சாங்-டியாஸ் என்ற கோஸ்டாரிகாக்காரரை நாசா தேர்ந்தெடுத்திருக்கிறது. தன்னைப் போன்ற நிறம், தன்னைப் போன்ற பேச்சு.

அதற்குப் பிறகு மின்பொறியியல் படிப்பு, லிவர்மோர் ஆய்வகத்தில் வேலை. நான் தினமும் தொடுகிற மெஷினின் முன்னோடி உருவானது அங்கேதான். நாசாவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். 11 முறை இல்லை என்றார்கள். நடுவில் விமானம் ஓட்டக் கற்றார், ஆழ்கடல் நீச்சல் கற்றார், ரஷ்ய மொழி கற்றார். 2004இல் 12ஆவது முறை எடுத்துக்கொண்டார்கள். 2009 ஆகஸ்டில் டிஸ்கவரியில் போனார். அதே பயணத்தில் எல் பாசோவில் வளர்ந்த டேனி ஒலிவாஸும் இருந்தார். மேலேயிருந்து ஹெர்னாண்டஸ் ட்விட்டரில் ஸ்பானிஷிலும் எழுதினார். விண்வெளியிலிருந்து அந்த மொழியில் அப்படி எழுதிய முதல் ஆள் அவர்தான்.

எக்ஸ்ரே முடிந்து சட்டையைப் போட்டுக்கொண்டே அந்த அம்மா கேட்டார், மொத்தம் எத்தனை தடவை விண்ணப்பம் போட்டார் என்று. பன்னிரண்டு என்றேன். வெளியே பேத்தி காத்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு இரண்டு முறை போட்டு இடம் கிடைக்காத பெண்ணாம். கதவு சாத்துவதற்குள் பாட்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டி, அப்புறம் இரண்டு விரலை நீட்டியதைப் பார்த்தேன்.

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்டிலிருந்து

அக்கா, அந்த ரேடியோவில கேட்ட பேர் எங்கட ஊர்ப் பேர். சாங்-டியாஸ் 1968இல சட்டைப்பையில 50 டொலரோட ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தவர், சொந்தக்காரர் வீட்டில நிண்டு படிச்சவர். இங்கிலீஷ் தெரியாது. ஹார்ட்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில திரும்பவும் கடைசி வகுப்புப் படிச்சார். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து வந்தவன், பின்னேரங்களில புதுசா வாற ஆக்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிற இடத்தில உதவி செய்யிறன். என்னோட அங்க நிக்கிற புவெர்ட்டோ ரிக்கோ மனுசன் ஒராள் இந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை.

சாங்-டியாஸுக்கு கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் கிடைச்சது. பிறகு பாத்தால், அவர் புவெர்ட்டோ ரிக்கோக்காரர், அமெரிக்கக் குடிமகன் எண்டு பிழையா நினைச்சுக் குடுத்தது! கோஸ்டாரிகாவுக்கும் புவெர்ட்டோ ரிக்கோவுக்கும் வித்தியாசம் தெரியாத காலம். பெடியன்ர கையிலயிருந்து திரும்பப் பறிக்க மனம் வராமல் மாநிலச் சட்டசபை மட்டும் போய்க் கேட்டு, ஒரு வருசத்துக்கு மட்டும் எண்டு அனுமதி எடுத்தவை. மிச்சத்துக்கு வேலை செய்து படிச்சார். பிறகு மாசசூசெட்ஸ் எம்.ஐ.டியில பிளாஸ்மா இயற்பியலில முனைவர் பட்டம். 1986க்கும் 2002க்கும் இடையில ஏழு தரம் விண்வெளிக்குப் போனார்.

அந்தப் புவெர்ட்டோ ரிக்கோ மனுசன் நெஞ்சில கை வைச்சுச் சொல்லுவார்: "அந்தப் பிழை எங்கட பேரில நடந்தது, அதனால அவர் எங்கட ஆளும்தான்." வகுப்புக்கு வாற பிள்ளையளுக்கு இதைத்தான் முதல் பாடமாச் சொல்லுறவர். இலக்கணம் எல்லாம் பிறகு.

ஹூஸ்டனிலிருந்து, சமையல்காரர்

ஒரு சின்ன விஷயம். விண்வெளி வீரர்கள் இன்றைக்கும் ரொட்டிக்குப் பதில் தோர்த்தியா, அதாவது சப்பாத்தி மாதிரியான மெக்சிகோ உணவு, சாப்பிடுகிறார்கள். அதற்குக் காரணம் 1985இல் விண்வெளிக்குப் போன முதல் மெக்சிகோக்காரர் ரொடோல்ஃபோ நேரி வேலா. ரொட்டித் தூள் எடையில்லாமல் மிதந்து கருவிக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும், தோர்த்தியா உதிராது. நான் வேலை செய்கிற கடையில் தோர்த்தியா தட்டுகிற பாட்டிக்கு இதை நான்தான் முதலில் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கூடுதலாக நாலு கிடைத்தது.

பசடீனா, கலிஃபோர்னியாவிலிருந்து

2021 பிப்ரவரி 18. கொரோனா நேரம், எல்லோரும் வீட்டில். நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்குகிறது. நான் பக்கத்தில் இருக்கிற நாசா ஆய்வகத்துக்குச் சில வருஷம் ஒப்பந்தத்தில் வேலை செய்தவன், மனசு படபடவென்றிருந்தது. தஞ்சாவூரில் நடுராத்திரி இரண்டு மணிக்கு மேல் விழித்திருந்து அம்மாவும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் அறிவித்தவர் பெங்களூரில் பிறந்த ஸ்வாதி மோகன். "பொட்டு வச்சிருக்குடா அந்தப் பொண்ணு" என்று அம்மா மூன்று முறை சொன்னார்.

தரையிறங்கிவிட்டது என்றதும் கத்தினேன். சில நொடி கழித்துக் கதவுக்கு வெளியே இன்னொரு கத்தல். திறந்து பார்த்தால், எங்கள் அடுக்குமாடியைச் சுத்தம் செய்கிற கொலம்பியா அம்மா படியில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாசாவின் ஸ்பானிஷ் நேரலை. ஒரு கிரகத்தில் தரையிறங்குவதை நாசா ஸ்பானிஷில் ஒளிபரப்பியது அதுதான் முதல் தடவை. 'ஹுந்தோஸ் பெர்செவெராமோஸ்' என்று பெயர், 'சேர்ந்தே விடாமல் முயல்கிறோம்' என்று பொருள். நடத்தியவர் அதே ரோவரின் இயந்திரக் கைக் குழுவில் இருந்த டயானா த்ருஹியோ.

"அவளும் காலிக்காரி, அவளும் வீடு துடைச்சவ" என்றார் அந்த அம்மா. உண்மைதான். கொலம்பியாவின் காலி நகரத்திலிருந்து 17 வயதில் 300 டாலரோடு மயாமிக்கு வந்து, வீட்டு வேலை செய்துகொண்டே இங்கிலீஷ் கற்றுப் படித்தவர் த்ருஹியோ. 2022இல் ஹூஸ்டனில் பயண இயக்குநராகவும் தேர்வானார். எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் தினமும் என் வீட்டு வாசலைத் துடைக்கிறவரிடம் அதுவரை "குட்மார்னிங்" தவிர ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. அன்றைக்குப் படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல் படம் வரும்வரை இரண்டு பேரும் அவருடைய போனிலேயே பார்த்தோம். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் கையால் விளக்கினார்.

மீண்டும் கிளியர் லேக்கிலிருந்து

இன்றைக்கு மதியம் இதையெல்லாம் எதிர் மேஜைக்காரருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். பீட் வயலுக்கு வரும்போது 12 அடித்தது, அம்மா போன். ஸ்பீக்கரில் போட்டு, என்னைத் திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார், அவர் மொழிபெயர்த்தார். புலமைப்பரிசில் கதைக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் என்னைப் பற்றிக் கேட்டார். உன் அம்மா எங்கே இருக்கிறார்? மதுரை. அங்கே இப்போது மணி என்ன? இரவு பத்தரை. தூங்கியிருப்பாரா? தெரியவில்லை என்றேன்.

"அப்போ நான் வைக்கிறேன், நீ கூப்பிடு" என்று வைத்துவிட்டார். எதிர் மேஜைக்காரர் தன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார், நான் தயங்காமல் பேசட்டும் என்று.