ட்ராக் டேக்கு முன்னால் புது பிரேக் பேட்: பெட்-இன் எங்கே, எப்படிச் செய்வது?

செங்கை_போலோ (கேள்வி)

வணக்கம். வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2, டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே, சொந்த வண்டியை அங்கே ஓட்டிப் பார்க்கும் நாள். முன்பக்கத்துக்கு ஃபெரோடோ டிஎஸ்2500 பேட் வாங்கியாச்சு. டிஸ்க் பழசுதான், கம்பெனி பேடோடு 18,000 கி.மீ. ஓடியது. தடிமன் போதுமான அளவு இருக்கு, ஓரத்தில் லேசா விளிம்பு எழும்பியிருக்கு. பின்னால் டிரம், அதில் கை வைக்கவில்லை.

மூணு சந்தேகம். பேட் மாட்டித் தரும் இடத்தில் "ரெண்டு நாள் சிட்டியில ஓட்டுங்க, தானா செட் ஆயிடும்" என்கிறார்கள். அது ட்ராக்குக்குப் போதுமா? போதாதென்றால் பெட்-இன்னை, அதாவது புது பேடைச் சூடேற்றி டிஸ்க்கோடு பழக்குவதை, பெங்களூரு ஹைவேயில் அதிகாலையில் செய்யலாமா, இல்லை ட்ராக்கிலேயே முதல் செஷனில் செய்வது நல்லதா? அப்புறம், பழைய டிஸ்க்கை அப்படியே விடலாமா?

பிட்லேன்

சிட்டி ஓட்டம் போதாது. ஏன் போதாது என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கும் வழி தெரிந்துவிடும்.

பெட்-இன்னில் இரண்டு காரியம் நடக்கிறது. பேடில் இருக்கும் பொருள்களையெல்லாம் கட்டிப்பிடித்து வைத்திருப்பது ஃபீனாலிக் ரெசின். புது பேட் முதல்முறை நன்றாகச் சூடேறும்போது அந்த ரெசினில் ஒரு பங்கு வாயுவாகக் கிளம்பும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கினால் பெடல் கல் மாதிரி இறுகி நிற்கும், வண்டி மட்டும் வேகம் குறையாது. இதைத்தான் கிரீன் ஃபேட் என்கிறோம். சிட்டியில் அந்தச் சூடே வருவதில்லை. அதனால் ரெசின் அப்படியே உள்ளே இருக்கும். ட்ராக்கில் மூன்றாவது லாப்பில், முழு வேகத்தில் வரும்போது வெளியே வரும். பேட் எப்படியும் ஒருநாள் அந்தச் சூட்டைப் பார்த்தாக வேண்டும். அது நீங்கள் எதிர்பார்த்து நிதானமாக ஓட்டும் நேரத்தில் நடக்கட்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது, படலம். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிசாக, எங்கும் ஒரே கனத்தில் ஒட்ட வேண்டும். சூட்டில் பேட் பிடிப்பது பெரும்பாலும் அந்தப் படலத்தைத்தான், வெறும் இரும்பை அல்ல. படலம் திட்டுத்திட்டாக ஒட்டினால் அதே திட்டுகள் ஸ்டியரிங்கில் நடுக்கமாக வரும்.

செய்முறை: முதலில் 60 கி.மீ. வேகத்திலிருந்து நாலைந்து முறை லேசாக அழுத்தி, பேட் முகத்தை டிஸ்க்கில் உட்கார வையுங்கள். பிறகு 100-லிருந்து 20 வரை, எட்டு முறை. ஏபிஎஸ் துடிக்கக் கூடாது. அதற்கு நன்றாக முன்னாலேயே நிற்கிற, ஆனால் சீட் பெல்ட் தோளில் இறுகுகிற அளவு அழுத்தம். ஒரே சீராக அழுத்துங்கள், விட்டுவிட்டு அல்ல. 20 வந்ததும் காலை எடுத்து உடனே மறுபடி 100-க்கு ஏற்றுங்கள். நடுவில் ஆறவிட்டால் சூடு சேராது. எந்தக் காரணத்துக்காகவும் முழுசாக நிறுத்தாதீர்கள். ஐந்தாவது ஆறாவது முறையில் காட்டமான வாடை வரும், பிடிப்பு கொஞ்சம் தளரும். தளர்கிறதே என்று இன்னும் பலமாக மிதிக்க வேண்டாம். அதே அழுத்தத்தில் ஒன்றிரண்டு முறை செய்துவிட்டு, 10 நிமிடம் பிரேக்கையே தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். வண்டியை நிறுத்தி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அதே எட்டை இன்னொரு தடவை. இரண்டாவது சுற்றில் தளர்ச்சி வரவில்லை என்றால் பேட் தயார்.

வெப்பக்கணக்கு

மேலே சொன்ன 100→20 ஏன் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஓட்டுநரோடு வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். 100-லிருந்து 20-க்குக் குறைக்கும்போது பிரேக் விழுங்க வேண்டியது சுமார் 444 கிலோஜூல். அதில் முக்கால் பங்கு முன்பக்கம், அதாவது ஒரு டிஸ்க்குக்கு 167 கிலோஜூல். டிஸ்க் 5 கிலோ என்றால், காற்றில் ஒன்றும் போகவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு அழுத்தலுக்கு ஏறத்தாழ 65 டிகிரி ஏறும். இதையே 60→10 என்று செய்தால் 24 டிகிரிதான். சிட்டியில் அடுத்த பிரேக்குக்குள் அந்த 24-ல் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இருநூறு தடவை அழுத்தினாலும் டிஸ்க்கின் சூடு ஒரே அளவில் நிற்கும். வேகத்தின் வர்க்கம் வேலை செய்கிற இடம் இது. எண்ணிக்கையைக் கூட்டி வேகத்தை ஈடுகட்ட முடியாது.

ஹைவே யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதிகாலையில்தான் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும். அவற்றுக்கு முன்னால் 100-லிருந்து 20-க்கு எட்டு முறை இறங்குவது மற்றவர் உயிரோடு விளையாடுவது. அதுவும் உங்கள் பேட் கிரீன் ஃபேடில் இருக்கும் நேரத்தில்.

ட்ராக்கிலேயே செய்யுங்கள். அங்கே ஒரு லாப் 3.717 கி.மீ. முதல் செஷனில் எல்லாரும் போன பிறகு கடைசியாக உள்ளே போங்கள். ஒரு லாப் நிதானமாக. பிறகு நேரான பாதையின் முடிவில், வழக்கமான பிரேக்கிங் இடத்துக்கு நன்றாக முன்னாலேயே, ரேசிங் லைனை (வேகமாக வருபவர்கள் எடுக்கும் தடத்தை) விட்டு விலகி, கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். லாப்புக்கு மூன்று அழுத்தல் கிடைத்தாலும் மூன்று லாப்பில் எட்டு அழுத்தல் கொண்ட செட் முடிந்துவிடும். ட்ராக்கில் 20 வரை இறங்குவது ஆபத்து. 110→50 என்று வைத்துக்கொள்ளுங்கள், சூடு ஏறத்தாழ அதேதான் வரும். பிறகு ஒரு முழு லாப் பிரேக் தொடாமல் வந்து பிட்டுக்குள் நுழையுங்கள். இந்தச் செஷனில் லாப் டைம் பார்க்கவே கூடாது. செய்யப்போவதை மார்ஷலிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வண்டி டிஎஸ்ஜி என்பதால் ஒரு எச்சரிக்கை. பிட்டில் நின்றதும் டி-யில் வைத்துக்கொண்டு பெடலை மிதித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் சூடான பேட் டிஸ்க்கில் தன் அச்சைப் பதித்துவிடும். நின்றவுடன் பார்க்கில் போட்டு, பெடலை விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கைபிரேக்கும் வேண்டாம், சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஹப்_ஃபேஸ்

டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நடுக்கம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய டிஸ்க்கில் கம்பெனி பேடின் படலம் இருக்கிறது. அதன் மேல் வேறு கலவை பேடைத் தேய்த்தால் சில இடத்தில் ஒட்டும், சில இடத்தில் ஒட்டாது. புது டிஸ்க் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதுவும் விளிம்பு எழும்பிய டிஸ்க்கில் புது பேடின் ஓரம் அந்த விளிம்பில் ஏறி நிற்கும், முழு முகமும் படாது. செலவு ஒத்துவராவிட்டால் லேத்தில் கொடுத்து இரண்டு பக்கமும் லேசாக எடுக்கலாம், ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும். மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது. கடைசி வழி, 120 கிரிட் கார்னெட் தாளால் வட்டமாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைப்பது. விளிம்பு அதில் போகாது.

டிஸ்க்கைக் கழற்றியதும் அது உட்காரும் ஹப் முகத்தைப் பாருங்கள். கடல் காற்று படுகிற ஊரில் அங்கே துரு படிந்திருக்கும். கம்பிப் பிரஷால் வெள்ளையாகும்வரை சுரண்டி எடுங்கள். ஒரு சின்னத் துருச் செதில் உள்ளே மாட்டினாலே டிஸ்க் கோணலாக உட்காரும். டயல் கேஜ் வைத்து, வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே அளந்தால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால், நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். ஏர் கன்னால் அடித்து முடிக்க விடாதீர்கள்.

"டிஸ்க் வளைஞ்சுடுச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானது வளைவே இல்லை, திட்டாக ஒட்டிய படலம்தான். ஆரம்பத்திலேயே கவனித்தால் தேய்த்து எடுத்து மறுபடி பெட்-இன் செய்து சரிசெய்யலாம். அப்படியே ஓட்டினால் அந்தத் திட்டு மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகும், அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு சிமென்டைட்டாக மாறும். அது இரும்பைவிடக் கடினம், தாளுக்கும் மசியாது. அப்புறம் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

டாட்4

பேடுக்குச் செலவு செய்துவிட்டுப் பழைய பிரேக் ஆயிலோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். டாட் 4 வகை ஆயிலுக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155. சென்னை ஈரக்காற்றில் இரண்டு வருடம் பழகிய ஆயிலை நம்ப முடியாது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரியான ஆயில் புதிதில் 312. ஒரு லிட்டர் வாங்கி நான்கு சக்கரத்திலும் நிறம் மாறும்வரை பழைய ஆயிலை வெளியே எடுங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, இதோடு கலக்கக் கூடாது, டாட் 5.1 வேறு, அது கலக்கலாம்.

பேட் தளர்ந்ததா, ஆயில் கொதித்ததா என்பதைப் பெடலிலேயே பிரித்தறியலாம். பெடல் இறுகி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட். பெடல் மெத்தென்று கீழே இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவது ஆறினால் சரியாகும். இரண்டாவது நடந்தால் ஆறியபின் பெடல் திரும்பி வந்தாலும் ப்ளீட் செய்யாமல் (குமிழியோடு ஆயிலை வெளியேற்றாமல்) மறுபடி ட்ராக்கில் இறங்க வேண்டாம்.

செங்கை_போலோ

எல்லாருக்கும் நன்றி. புது டிஸ்க்கே போட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி: பெட்-இன் சரியாக ஆனதா என்று கண்ணால் எப்படித் தெரிந்துகொள்வது? முடிந்ததும் இதே பேடோடு வீட்டுக்கு வரலாமா, கம்பெனி பேடை மாட்டிவிட வேண்டுமா?

பிட்லேன்

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். மாட்டும் முன் பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணெய் புது பேடுக்குள் போய்விடும்.

டிஸ்க் ஆறியபின் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பான வெள்ளி நிறம் போய், இருண்ட சாம்பல் பூத்து, அதில் லேசான நீலம் ஓடினால் நல்லது. நிறம் முழு வட்டத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பேட் வடிவத்தில் கறுப்புத் திட்டு தெரிந்தால் எங்கேயோ நின்றிருக்கிறீர்கள். சக்கரத்தின் இடைவெளியில் பேடின் பக்கவாட்டையும் பாருங்கள்: டிஸ்க்கை ஒட்டிய ஓரம் ஒன்றிரண்டு மி.மீ. வெளுத்திருந்தால் சூடு உள்ளே போயிருக்கிறது. பளபளக்கும் டிஸ்க்கில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி காட்டும் எண்ணை நம்பாதீர்கள், குறைத்துத்தான் காட்டும். டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்ட் நம்பகமானது. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். அன்று உண்மையில் எவ்வளவு சூடேறியது என்று அதுதான் சொல்லும்.

டிஎஸ்2500 குளிரிலும் ஓரளவு பிடிக்கும், அதனால் வீட்டுக்கு இதிலேயே வரலாம். சத்தமும் தூசியும் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். முழு ரேஸ் பேடாக இருந்தால் சாலையில் ஓட்ட வேண்டாம் என்றிருப்பேன். கம்பெனி பேடுக்கு மாறுவதாக இருந்தால் அதை இந்த டிஸ்க்கில் போடாதீர்கள். பழைய டிஸ்க்கையும் பழைய பேடையும் ஒரு ஜோடியாக எடுத்து வையுங்கள், இடது வலது, உள் வெளி என்று பேடின் முதுகில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மாற்றாமல் இதையே ஓட்டினால் சிட்டியின் குளிர்ந்த பிரேக்கிங் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். ரெசின் வேலை முடிந்துவிட்டதால் அடுத்த ட்ராக் டேயில் முழுச் செட் தேவையில்லை, முதல் செஷனில் நாலைந்து அழுத்தல் போதும். அதற்குமுன் பேடை அளந்துவிடுங்கள். உராயும் பொருள் 5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் சூடு நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும், அந்த பேடை சிட்டிக்கு வைத்துக்கொண்டு ட்ராக்குக்குப் புதுசு மாட்டுங்கள்.