கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை, அவசரம்

குடந்தை அச்சகம்:
நேற்று ராத்திரி மழையில் கரண்ட் போய் சர்வர் அணைந்துவிட்டது. காலையில் ஆன் செய்தாயிற்று. ஆனால் மற்ற கம்ப்யூட்டர் எதிலும் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

நாகை நெட்:
என்ன பிழை வருகிறது? என்ன விண்டோஸ்? சர்வர் என்பது நிஜ சர்வரா, ஃபோல்டரை ஷேர் செய்து வைத்த சாதாரண கம்ப்யூட்டரா?

திருவாரூர் சர்வீஸ்:
ஸ்விட்ச் போயிருக்கும். இடி மழையில் முதலில் அடி வாங்குவது அதுதான். ஒயரை வேறு போர்ட்டில் குத்திப் பாருங்கள்.

சோழமண்டலம்:
இதே கேள்வி பல தடவை வந்தாயிற்று. பிழை எண்கூடப் போடாமல் அவசரம் என்றால் யாருக்கு என்ன தெரியும்? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

குடந்தை அச்சகம்:
சாதாரண கம்ப்யூட்டர்தான், விண்டோஸ் 10. நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்கிறது, எண் 80070035 என்று முடிகிறது. பிங் போட்டால் (சர்வர் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தால்) பதில் வருகிறது. அதனால் ஒயர், ஸ்விட்ச் எல்லாம் சரி.

மன்னை ரைஸ்மில்:
ஃபைல் ஷேர் செய்யும் பழைய முறையான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யுங்கள். எங்கள் மில்லில் அப்படித்தான் சரியானது.

நாகை நெட்:
தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். நேற்று வரை எஸ்எம்பி1 இல்லாமல் ஓடிய ஃபோல்டருக்கு இன்று மட்டும் அது எதற்கு?

மன்னை ரைஸ்மில்:
எங்கள் பழைய ஸ்கேனர் அது இல்லாமல் ஃபைல் அனுப்பாது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

சோழமண்டலம்:
மில் கணக்கு முழுக்கப் பூட்டிக்கொண்ட பிறகு வந்து கேட்பீர்கள். ஸ்கேனரை மாற்றுங்கள்.

பட்டுக்கோட்டையான்:
ரவுட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எந்த யூபிஎஸ் தாங்கியது? தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி இருக்கட்டும்.

வலங்கைமான்:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். குடந்தை அண்ணே, எந்த எண்ணுக்குப் பிங் போட்டீர்கள்? பதிலில் டிடிஎல் என்று வரும் எண் எவ்வளவு?

குடந்தை அச்சகம்:
192.168.1.7. எப்போதும் அதுதான். டிடிஎல் 64.

வலங்கைமான்:
அப்படியானால் பதில் சொல்வது உங்கள் சர்வர் இல்லை அண்ணே. ஒரே லேனில் (உள் நெட்வொர்க்கில்) விண்டோஸ் பதில் தந்தால் வழக்கமாக 128 வரும். 64 என்றால் செல்போனாக இருக்கலாம். கரண்ட் போனதில் ரவுட்டரும் அணைந்து, எந்த எண்ணை யாருக்குக் கொடுத்தோம் என்பதை மறந்திருக்கும். நீங்கள் சர்வரை ஆன் செய்வதற்குள் யார் போனோ அந்த 7-ஐ வாங்கிக்கொண்டது. சர்வரில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை அடியுங்கள், வேறு எண் இருக்கும். ரவுட்டருக்குள் போய் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டுக்கு உள்ள தனி அடையாள எண்) 7-ஐ ரிசர்வ் செய்யுங்கள். போன்களில் வைஃபையை அணைத்து, ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டு, அப்புறம் சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டாம்.

நாகை நெட்:
சரியான பிடி. அப்படியும் திறக்காவிட்டால் சர்வரில் நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் ஃபைல் ஷேர் போகும் 445 போர்ட்டை ஃபயர்வால் விடாது. பிரைவேட் ஆக்குங்கள்.

குடந்தை அச்சகம்:
14 என்று இருந்தது. ரிசர்வ் செய்ததும் திறந்துவிட்டது. ரொம்ப நன்றி தம்பி. அச்சுக்குப் பிளேட் போடப் போகிறேன்.

திருவாரூர் சர்வீஸ்:
எதற்கும் அந்த ஸ்விட்சை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.